அரை வரியை அமுக்கிய பொம்மை

1941இல் அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. என்ற குழு கூடி, தொலைக்காட்சிப் படத்துக்கு 525 வரிகள் என்று தீர்ப்பளித்தது. அத்தனையையும் ஒரே மூச்சில் அனுப்ப அலைவரிசையில் இடம் கிடையாது. அதனால் ஒற்றைப்படை வரிகள் ஒரு நடை, இரட்டைப்படை வரிகள் மறு நடை, நொடிக்கு 60 நடை என்று ஏற்பாடு. நடைக்கு 262.5 வரி. அந்த அரை வரிதான் சூட்சுமம்: அடுத்த நடை முந்தைய வரிகளின் இடுக்கில் உட்கார வேண்டும் என்று டிவிக்குச் சொல்வது அதுதான்.

1953இல் வண்ணம் வந்தது. வண்ணத்துக்கும் ஒலிக்கும் ஒத்துப்போகவில்லை. பஞ்சாயத்து பேசி, 60 என்ற அழகான முழு எண்ணை 59.94 ஆக்கி இருவரையும் சமாதானப்படுத்தினார்கள். அந்தப் புள்ளி தொண்ணூற்று நான்கை இன்றுவரை வீடியோ பொறியாளர்கள் சுமந்து திரிகிறார்கள்.

1983 ஜூலை 15. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பொம்மையை விற்பனைக்கு விட்டது. இந்த விதிகளையெல்லாம் அது படித்ததாகத் தெரியவில்லை. நடைக்கு 262 வரிதான் அனுப்பியது. அரை வரியை அமுக்கிக்கொண்டது. நொடிக்கு 59.94 அல்ல, 60.1 நடை. டிவி என்ன செய்யும்? பாவம், கேள்வி கேட்காத ஜீவன். வந்த வரிகளின் மேலேயே திரும்பத் திரும்ப வரைந்தது. இடுக்குகள் கறுப்பாகவே கிடந்தன. நடுக்கமில்லாமல், நொடிக்கு 60 முழுப் படங்கள். 525 வரி தேசத்தில், படம் தாங்கும் 240 வரியில் ஒரு ராஜாங்கம்!

இப்போது தட்டைத் திரைக்காரர்களின் கதை. பழைய ஆட்டத்தைப் புதிய திரையில் பார்க்க ஆசைப்பட்டவர்கள், ஒளிபரப்பு நிலையங்கள் கழித்துப்போட்ட கன்வெர்ட்டர்களைத் தேடிப் பிடித்தார்கள். அலமாரிச் சட்டத்தில் திருகி வைக்கும் கனத்த பெட்டிகள். ஒரு காலத்தில் கார் விலை விற்றதாயிற்றே, பொம்மைக்குப் போதாதா என்று நினைப்பு.

போதவில்லை. அந்தப் பெட்டிகள் சட்டம் படித்தவை. வரும் இரண்டு நடைகளும் ஒரே படத்தின் பாதிகள் என்று நம்பி, சீப்புப் பற்கள்போல ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்தன. மெகா மேன் என்ற ஆட்ட நாயகன் அடிபட்டால் கண்சிமிட்டுவான். ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இருக்கமாட்டான். கன்வெர்ட்டர் அவனை வரி வரியாகச் சீவி வைத்தது. போதாக்குறைக்கு, படத்தை நினைவகத்தில் வாங்கி யோசித்து அனுப்புவதால் தாமதம் வேறு. மரியோவைக் குதிக்கச் சொன்னால், பெட்டி கோப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்குள் அவன் குழியில்.

பிழைத்தவை மூளையில்லாத பெட்டிகள். கலிஃபோர்னியாவின் எக்ஸ்ட்ரான் நிறுவனம் கூட்ட அறைகளுக்காகச் செய்த ஆர்.ஜி.பி. இன்டர்ஃபேஸ்கள் அந்த ஜாதி. கணினிப் படத்தைப் புரொஜக்டருக்குத் தள்ளுவதே வேலை. சிக்னலை வலுப்படுத்தும், ஒத்திசைவை ஒழுங்குபடுத்தும், அபிப்பிராயம் சொல்லாது. வரி எத்தனை என்று எண்ணிப் பார்க்காத அந்தப் பெருந்தன்மைக்கே தனி விலை கொடுக்கலாம். அதே நிறுவனத்தின் எமோஷியாவை, கணினிப் படத்தைத் தரம் இறக்கி டிவியில் காட்டுவதற்காகப் படைத்தார்கள். இன்று புதிய கணினியின் கூர்மையான படத்தை வேண்டுமென்றே இறக்கிப் பழைய குழாய்த் திரையில் பார்க்க அது தேவைப்படுகிறது. முன்னேற்றத்தைப் பின்னோக்கி ஓட்டவும் ஒரு பெட்டி!

பிரெஞ்சுக்காரர்களைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். 21 முனை கொண்ட பெரிதெல் இணைப்பை 1980களின் தொடக்கத்திலேயே டிவிகளில் கட்டாயமாக்கிவிட்டார்கள். லேசாக இழுத்தால் கழன்று விழும் பிளக். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலக்காமல் தனித்தனியாக வரும். மற்றவர்கள் பெட்டி பெட்டியாக அடுக்கித் தேடியது, அங்கே சாதாரண வீட்டு டிவியின் முதுகிலேயே இருந்தது.

கடைசியில் எல்லோரும் போய்ச் சேருமிடம் சோனியின் பி.வி.எம். என்ற குழாய்த் திரை மானிட்டர். மாடல் எண்ணின் வாலில் எம்.டி. என்றிருந்தால் மருத்துவமனைக்கென்று செய்தது. வயிற்றுக்குள் விடும் கேமரா காட்டுவதை மருத்துவர்கள் பார்த்த திரை. இப்போது அதில் மரியோ குழாய்க்குள் இறங்குகிறான். நிறம் பிசகாமல் தெரிகிறது.