சாருக்கும் பரீட்சை

கேள்வி: இருபது வருஷத்துக்கு மேலாக ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் என் வீட்டுக்காரரை இப்போது போய் 'டெட்' என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதச் சொல்கிறார்களே, இது நியாயமா?
– ஆசிரியர் மனைவி, பூதப்பாண்டி

பதில்: அநியாயம்தான் மதினி. அன்றைய விதிப்படி வேலைக்குச் சேர்ந்தவரிடம் இன்றைய விதிக்குப் பரீட்சை கேட்கிறார்கள். அரை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால் தெரிகிற விஷயத்தை ஓஎம்ஆர் தாளில் தேடுகிறார்கள்!

ஆனால் 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் தப்பித்தார், பதவி உயர்வு மட்டும் கேட்கக் கூடாது. (வயதானதற்காக மனுஷர் சந்தோஷப்பட்ட தீர்ப்பு!) சிறுபான்மைப் பள்ளிகளின் விவகாரம் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. தடுக்கி விழுந்தால் மிஷன் பள்ளி இருக்கும் நம் மாவட்டத்தில், எதிர்வீட்டு சார் இப்போதைக்கு நிம்மதியாக மீன்குழம்பு சாப்பிடுவார்.

2012-ல் தமிழகத்தில் முதல் டெட் நடந்தபோது 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பிறகு நேரத்தை மூன்று மணியாக்கி மறுதேர்வு வைத்தார்கள். ஆக, அன்று முதலில் ஃபெயிலானது பரீட்சை வைத்தவர்கள்தான்.

அண்ணாச்சியிடம் சொல்லுங்கள்: கோபத்தை ஒத்திவைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கட்டும். குழந்தை மேம்பாடு பற்றியே 30 கேள்வி வரும். வீட்டில் பிள்ளைகளை வளர்த்தது யார்? அந்தப் பகுதிக்கு டியூஷன் நீங்களே எடுத்துவிடுங்கள்.