காய்ச்சலும் பாய்ச்சலும்: உடற்பயிற்சிக்கு மட்டம் போடுதல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பாளையங்கோட்டையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிய ஒருவன், ஒரு காலை அங்கே போகாமல் படுத்துவிட்டால், அன்று முழுக்க அவன் மனம் படும் பாடு என்ன? இந்தக் கேள்வியை முன்னோர் தொடவில்லை. சோம்பலைக் கடிய வள்ளுவர் 'மடியின்மை' என்று 61ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். சோம்பியபின் வருந்துகிறவனுக்கு அரை அதிகாரம்கூட இல்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் திருநெல்வேலி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று. அவர் பெயர் மறைக்கப்பட்டுள்ளது. அவருடைய சட்டையைத்தான் நான் போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லலாம்.

2. சொல்லாய்வு

'ஓய்வு' என்ற சொல் எங்கள் தெருவில் இரண்டே பேருக்கு உரியது: பென்ஷன் வாங்குகிறவர், படுக்கையில் கிடப்பவர். நல்ல உடம்போடு இருக்கும் நாற்பது வயதுக்காரன் "இன்னைக்கு ஓய்வு" என்றால், "என்னவே, உடம்புக்குச் சேட்டமில்லையா?" என்று கேட்டு மிளகு ரசத்துக்கு ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஆரோக்கியமானவன் சும்மா இருப்பதற்குச் சொல்லே இல்லாத ஊரில், அவன் பொய் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே பயிற்சியாளர் தம்பி "அண்ணே, ஆளையே காணோம்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டபோது, ஆய்வாளர் அனுப்பிய பதில்: "லேசா காய்ச்சல், தம்பி." வாசகர் இச்சொல்லை மனத்தில் இருத்திக்கொள்க. பின்னால் வேலை இருக்கிறது.

இங்கே பொருள்சார் சான்று ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1867இல் பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ, நவீன உடற்கட்டுக் கலையின் தந்தை எனப்படுபவர். அவர் பெயர் தமிழகத்தில் எங்கே நிலைத்தது? கையில்லாத பனியனில். ஞாயிற்றுக்கிழமை மதியம் விசிறியும் கையுமாகத் திண்ணையில் சாய்கிறவர்கள் உடுத்துவது அதைத்தான். உடற்கட்டுக் கலையின் தந்தையை ஓய்வின் சீருடையாக மாற்றிக்கொண்ட பெருமை நம்முடையது.

3. குற்றவுணர்வின் ஐந்திணைப் பாகுபாடு

மட்டம் போட்ட நாளின் மனநிலை, பொழுதுக்கேற்பத் திணை மாறுகிறது.

குறிஞ்சி: பொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். இரவு பதினோரு மணிக்கு ஆய்வாளரும் நாளைய திட்டமும் ஒன்றாகிறார்கள். ஐந்துக்கு அலாரம், ஐந்தரைக்குத் தண்டால், ஆறரைக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை.

மருதம்: வைகறை, ஊடல். அலாரம் அழைக்கிறது. ஆய்வாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சில நிமிடங்களுக்கொரு தரம் தூது வருகிறது. இதைப் புலவர்கள் 'வாயில் மறுத்தல்' என்பர்.

பாலை: நண்பகல், பிரிவு. சோற்றில் இரண்டாம் கரண்டி சொதி விழும்போதுதான், காலையும் கூடமும் பிரிந்துபோனது உறைக்கிறது. ஆனாலும் மூன்றாம் கரண்டி மறுக்கப்படுவதில்லை.

நெய்தல்: எற்பாடு, இரங்கல். வெயில் சாயும் நேரம் பஸ் ஜன்னல் வழியே வ.உ.சி. மைதானத்தைப் பார்த்தால், தன்னைவிட முப்பது வயது மூத்தவர்கள் கை வீசி நடந்துகொண்டிருக்கிறார்கள்.

முல்லை: மாலை, இருத்தல். வாசலில் ஷூ காத்திருக்கிறது. கார்காலத்தில் திரும்புவேன் என்று தலைவன் சொல்லிப்போன சொல்லை நம்பி அது கற்போடு இருக்கிறது. உள்ளே ஒரு சிலந்தி குடிவந்திருப்பதை அது யாரிடமும் சொல்லவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. கூடத்துக்குப் போன நாளில் ஆய்வாளர் உடற்பயிற்சியை ஏழு மணிக்கே மறந்துவிடுகிறார். போகாத நாளிலோ ஐந்து திணையிலும் அதே நினைப்பு. மனத்தின் உழைப்பை மட்டும் கணக்கெடுத்தால், விடுப்பு நாளே கடும்பயிற்சி நாள்.

4. முந்தைய ஆய்வுகள்

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சியும் போதும் என்கிறது. வாரக் கணக்கு, நாள் கணக்கு அல்ல. நாளுக்கு அரை மணி நடந்தால் ஐந்து நாளில் 150 வந்துவிடும். மிச்ச இரண்டு நாளுக்குக் குற்றப்பத்திரிகை எழுதியது நாமே.

'தினம் பத்தாயிரம் அடி' என்ற கட்டளையும் மருத்துவர் வீட்டில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடையளவி ஒன்றுக்கு 'மான்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் வைத்தார்கள். கடைக்காரர் வைத்த பெயருக்கு நாம் வேதமாகத் தலைவணங்குகிறோம்.

தசை நூலார் சொல்வது இன்னும் ஆறுதல். எடை தூக்கும்போது தசை நார் நைகிறது. அதைச் சரிசெய்து கட்டும் புரத வேலை, பயிற்சிக்குப் பிறகு ஒருநாள் முதல் இரண்டு நாள்வரை மும்முரமாக நடக்கிறது. கூடத்தில் வெட்டிப் போட்டுவிட்டு வருகிறோம், வீட்டில்தான் வளர்கிறது.

அல்வாவும் இதற்குச் சாட்சி. கோதுமையை ஊறவைக்க வேண்டும். ஆட்டிப் பிழிந்த பாலைத் தெளியும்வரை தொடாமல் வைக்க வேண்டும். பேர் என்னவோ கிண்டுகிற கைக்குத்தான்.

5. களச் சான்று

128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றுள் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டின் கால்வாயில் பாசனம் பெறும் சேரன்மகாதேவி வயலொன்றின் வரப்பில், ஜூலை கடைசி ஞாயிறு, மனைவியின் மாமாவோடு ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். வயலில் தண்ணீர் இல்லை. பக்கத்திலேயே வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. மடை அடைத்திருந்தது.

"தண்ணி இருந்தும் ஏன் மாமா காயப் போட்டிருக்கிய?"

மாமா கால் பெருவிரலால் மண்ணை அழுத்திக் காட்டினார். மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"எந்நேரமும் தண்ணி கட்டி நின்னா வேருக்கு மூச்சு முட்டும், மருமவனே. காயப் போட்டாத்தான் வேரு கீழ இறங்கித் தேடும், தூரு வெடிக்கும். இந்தா, இப்பிடி வெடிப்பு விழுந்த பொறவு பாய்ச்சணும். காய்ச்சலும் பாய்ச்சலும்."

ஆய்வாளர் வரப்பிலிருந்து கீழே விழப் பார்த்தார். தம்பிக்கு அனுப்பியது பொய்யல்ல! அவருக்கு வந்திருந்தது காய்ச்சலேதான். வேர் கீழே இறங்கிக்கொண்டிருந்த காய்ச்சல். ஒரு வயலுக்கு மட்டுமா? பிசான அறுப்பு முடிந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும்வரை, கோடையில் இந்தப் பள்ளத்தாக்கே பெரும்பாலும் கால்நீட்டிப் படுக்கிறது. எந்த வரப்பும் அதற்காக வெட்கப்பட்டதாகத் தகவல் இல்லை. குற்றவுணர்வு என்பது, காயப் போட்ட வயலைத் தரிசு என்று கிராமக் கணக்கில் எழுதும் பிழை. இம்முடிவை ஆய்வாளர் மாமாவிடம் பத்து நிமிடம் விளக்கினார்.

6. மறுப்பும் முடிபும்

மாமா மம்பட்டியை எடுத்து மடையை வெட்டிவிட்டார். தண்ணீர் வெடிப்புக்குள் சளசளவென்று இறங்கியது. அதைப் பார்த்தபடியே கேட்டார்:

"காய்ச்சல் சரி. கடைசியா எப்பம் பாய்ச்சுனிய?"

சந்தா ரசீதில் இருந்த தேதி ஆய்வாளருக்கு நினைவு வந்தது. பொங்கல் கழிந்த மறுவாரம். பாய்ச்சிய நாட்கள் ஒன்பது. வெடிப்பு மயிரிழையைத் தாண்டி, கால் புதையும் அளவுக்குப் போய் வெகு நாளாகியிருந்தது.

"கார் வரட்டும்னு இருக்கேன், மாமா."

"கார் நட்டு ஒரு மாசமாச்சுல்லா, மருமவனே," என்றார் மாமா.

அன்று மாலை ஷூவைத் தட்டிச் சிலந்தியை வெளியேற்றும் பணி நடைபெற்றது. அது எங்கே போயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது.