மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

யூடியூப்பை யாரும் தப்பாகப் பேசக் கூடாது. யாருக்கு யார் உறவு என்று அதற்குத்தான் தெரியும். பெற்ற தாய்க்கே தெரியாத உடன்பிறப்புகளையெல்லாம் அது கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

விதி எளிது. 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனல் போகும். அதோடு ‘தொடர்புடைய’ சேனல்களும் போகும். புதிதாக ஒன்று தொடங்கவும் தடை. ஒன்றை மூடினால் பத்துப் பெயரில் பத்தைத் திறக்கும் திருட்டு வீடியோக்காரர்களுக்கு இந்த விதி வேண்டியதுதான். ஆனால் எது தொடர்பு? ஒரே இமெயிலா, ஒரே போனா, ஒரே ஆட்சென்ஸ் கணக்கா? சொல்ல மாட்டார்கள். சொன்னால் திருடன் உஷாராகிவிடுவானாம். அவன் எப்போதோ உஷார். மாட்டுகிறவன்தான் திருடாதவன்.

2025 நவம்பரில் ‘எண்டர்மேன்’ என்ற தொழில்நுட்ப சேனலைத் தூக்கினார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் சந்தாதாரர்கள். குற்றம், ஸ்ட்ரைக் வாங்கிய ஏதோ ஒரு ஜப்பானிய சேனலுக்குச் சொந்தமாம். அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று சேனல்காரர் கத்தினார். ஊர் கூடிக் கத்திய பிறகே சேனல் திரும்பியது. ஏஐ செய்த கூத்து என்றது ஊர். கம்பெனிக்கு ரோஷம் வந்துவிட்டது: இந்த நீக்கங்கள் தானியங்கி முடிவல்ல என்றது. அப்படியானால் ரத்தமும் சதையுமாக ஒரு மனிதரா உட்கார்ந்து இந்த முடிச்சைப் போட்டார்? இயந்திரத்தைத் திட்டியவர்கள் அதனிடம் மன்னிப்புக் கேளுங்கள்!

இந்த ஞானக்கண் 2023 மார்ச்சில் எங்கே போனது? ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ என்ற தொழில்நுட்ப சேனலையும் அதை நடத்தும் நிறுவனத்தின் வேறு இரண்டு சேனல்களையும் ஹேக்கர்கள் பிடித்தார்கள். எலான் மஸ்க் முகத்தைக் காட்டி கிரிப்டோ மோசடி நேரலையில் ஓடியது. உரிமையாளர் நடுராத்திரியில் எழுந்து தானே மல்லுக்கட்டினார். கண்ணெதிரே ஒரே கொள்ளை. அங்கே ‘தொடர்பு’ தட்டுப்படவில்லை.

வீடியோக்களின் விளம்பரக் காசில் நூற்றுக்கு 45 எடுக்கும்போது நாம் பங்காளிகள். ஆதாரத்தைக் காட்டு என்றால் நீ யாரோ, நான் யாரோ. பல வருட உழைப்பை ஒரே நாளில் அழிக்கிறவர்கள், எதை வைத்து முடிச்சுப் போட்டோம் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? காசு வாங்கும் கைக்கும் பதில் சொல்லாத வாய்க்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டுபிடியுங்கள்.