உடைந்த கதவு, மூன்றெழுத்து

கிரிப்டிக் குறுக்கெழுத்தை விடுவிப்பதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. காபி ஆறுவதற்குள் நாலைந்து கட்டம் நிரம்பிவிடும். மிச்சத்துக்கு மறுநாள் வரும் விடையைப் பார்த்து, "அட, இதைத்தானே நினைச்சேன்" என்று சொல்லிக்கொண்டால் போயிற்று. கஷ்டமெல்லாம் அதற்கப்புறம். விடை எப்படி வந்தது என்று யாரிடமாவது விளக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. விளக்கினால் கேட்பவருக்கு இறங்காது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. (இதோ, ஆரம்பித்துவிட்டேன்.) இந்தப் புதிரில் குறிப்பு பார்வைக்கு ஒழுங்கான வாக்கியமாக இருக்கும். உண்மையில் அதன் ஒரு நுனியில் விடையின் பொருள். மறு நுனியில் அந்த விடையைத் தயாரிக்கும் செய்முறை. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நேராகப் படித்தால் வருகிற அர்த்தத்தை மறந்தும் நம்பக் கூடாது. வருஷக்கணக்காக இப்படிப் பழகியவன் என்ன ஆவான்? "மோட்டாரை நிறுத்துங்க" என்று மனைவி சொன்னால், நிறுத்துவது என்பது ஓடாமல் செய்வதா, தராசில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டு நிற்பான்.

அன்றைக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் பேர்பெற்ற பழைய குறிப்பு ஒன்று உண்டு. எச் தொடங்கி ஓ முடிய எட்டு எழுத்துகள் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான். விடை ஐந்தெழுத்து. அது பிடிபட்ட வேகத்தில் சமையலறைக்கு ஓடினேன்.

"எச் டு ஓ! புரியுதா? எச்-டூ-ஓ! வாட்டர்! தண்ணி!"

"அதைத்தாங்க நானும் அரை மணியா கத்தறேன். டேங்க் வழிஞ்சு தெருவரைக்கும் ஓடுது."

இந்தத் துறையின் முன்னோர்கள் நேர்மையானவர்கள். 1926 முதல் லண்டன் அப்சர்வர் பத்திரிகையில் புதிர் அமைத்த எட்வர்டு போவிஸ் மாதர்ஸ் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கெமாடா. ஸ்பெயினில் மதவிசாரணை என்ற பெயரில் சித்திரவதை நடத்தியவரின் பெயர் அது. அவருக்குப் பின் வந்தவர் ஹிமெனெஸ் என்ற இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரை எடுத்துக்கொண்டார். அவருக்கும் பின்னால் வந்தவர் டெஸா என்ற மூன்றாமவரின் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டு அஸெட் ஆனார். இதை ஒரு நாள் மனைவியிடம் சொன்னேன். "அவங்க முன்னாடியே சொல்லிட்டுச் செஞ்சிருக்காங்க" என்றாள்.

நம் பக்கத்துப் பெருமையையும் சொல்லிப் பார்த்தேன். 1958-இல் கடற்படைத் தளபதியான முதல் இந்தியர் வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி, ஓய்வு பெற்ற பிறகு 'தி இந்து'வுக்குப் புதிர் அமைத்தவர். கப்பற்படையையே நடத்தியவருக்குக் கட்டம் போடப் பொழுது இருந்ததென்றால், பென்ஷன்காரன் எனக்கு அதை நிரப்பப் பொழுது இருக்கக் கூடாதா? "அவர் வீட்டு மோட்டாரை யார் நிறுத்தினாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

எனக்குப் பொறாமை ஒரே ஒரு மனிதர் மேல்தான். லெனர்டு டாவ், இங்கிலாந்தில் பள்ளித் தலைமையாசிரியர். 1944-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்குவதற்கு முந்தைய வாரங்களில், டெய்லி டெலிகிராப் பத்திரிகைக்கு அவர் அமைத்த புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட் என்று படையெடுப்பின் ரகசியப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைகளாக வந்தன. எம்.ஐ.5 உளவுத்துறை ஆட்கள் அவரைத் தேடி வந்து, ஏன் இந்தச் சொல், எப்படி வந்தது என்று துருவித் துருவி விசாரித்தார்கள். கொடுத்துவைத்தவர். விளக்கம் கேட்க ஆள் தேடி வருவதென்றால் சும்மாவா?

எனக்கு வாய்ப்பது மாப்பிள்ளை ஒருவர்தான். ஊருக்கு வந்தால் இரவு ரயில்வரை எங்கேயும் நகர முடியாது; மாமனாருக்கு மரியாதையும் தர வேண்டும். அவருக்காகவே தமிழில் குறிப்புகள் தயாரித்து வைப்பேன்.

"தமிழுக்கு இது புதுசே இல்லை, மாப்பிள்ளை. முதற்குறை, இடைக்குறை, கடைக்குறைன்னு நன்னூல்லயே சொல்லை வெட்டியிருக்காங்க. தாமரைக்குத் தலையை எடுத்தா மரை. இலக்கணத்துல தலை போனாலும் அது தாமரைதான். புதிர்ல மானாகி ஓடிடும்."

"ஓஹோ."

"சரி, இதைச் சொல்லுங்க. 'கடிதம் பிறகு வரும், உள்ளே உடன்பிறந்தவன்.' மூன்றெழுத்து."

"அண்ணா?"

"கடிதம், பிறகு. ரெண்டையும் சேர்த்து எழுதுங்க. நடுவுல யாரு உட்கார்ந்திருக்கான்? தம்பி!"

மாப்பிள்ளை வெகுநேரம் தாளையே பார்த்தார். "சரி மாமா, கடிதம் யார் போட்டது?"

அடுத்ததைக் கொடுத்தேன்: 'பாதி மாமா, மிளகாய்த் தொடக்கம், மாமாவுக்கு வாய்த்தவர்.' இரண்டெழுத்து. விடை தெரிந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

என் குறிப்புகளில் எனக்கே உச்சமாகப் படுவது, 'உடைந்த கதவு தரும் மேன்மை', மூன்றெழுத்து. 'உடைந்த' என்பது இங்கே எழுத்துகளைக் கலைத்துப் போடு என்ற கட்டளை. க, த, வு இடம் மாறி நின்றால் தகவு. தகவு என்றால் மேன்மை. இதை மனைவியிடம் சொல்லும்போது கொல்லைக் கதவு சாத்த முடியாமல் கிடக்கிறது என்பது என் நினைவில் இல்லை. அவள் நினைவில் இருந்தது.

ஆசாரி வந்தார். அவர் இழைப்புளியை எடுத்து வைப்பதற்குள் குறிப்பைச் சொல்லி, விடையைச் சொல்லி, விளக்கத்தையும் முடித்தேன். காதில் பென்சிலோடு பொறுமையாகக் கேட்டார். பிறகு கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"கதவுல ஒரு குத்தமும் இல்ல சார். நிலைதான் சரியில்ல."

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம். கூடவே மனைவியின் சிரிப்பு. "நல்லாச் சொன்னீங்க ஆசாரி! இத்தனை வருஷமா நானும் இதைத்தான் சொல்றேன்."

ஆசாரிக்குப் பிடிபடவில்லை. "அம்மா எதுக்கு சார் சிரிக்கிறாங்க? கொஞ்சம் புரியறாப்ல சொல்லுங்களேன்."

"எவ்வளவு ஆகும்னு சொல்லுப்பா" என்றேன்.