மலையேறுமா ரோபோ டாக்சி?

வேமோ, டெஸ்லா, பைடு என்று ஆளாளுக்குப் போட்டி போட்டு ஊர் ஊராக டிரைவர் இல்லாத டாக்சி விடுகிறார்களே, எங்கள் மலைக்கு எப்போது வரும்?
– வாசகர், திருப்புலி நாடு, கொல்லிமலை

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வந்தால் யார் ஒதுங்குவது என்று கண்ஜாடையில் பேசிக்கொள்ளும் உங்கள் டிரைவர்களை முதலில் ஜெயிக்கட்டுமே!

2016 ஆகஸ்டில் சிங்கப்பூரில்தான் முதன்முதலாக ரோபோ டாக்சியில் பொதுமக்களை ஏற்றிச் சோதித்தார்கள். அப்போதும் முன்சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான குரூஸ் நிறுவனத்தின் டிரைவர் இல்லாத கார் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு போனது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்சி தொழிலைக் கைவிட்டது.

டிரைவர்களின் வேலை போகும், இந்தியாவில் விடமாட்டேன் என்றார் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சராக நிதின் கட்கரி. இதில் நான் அவர் கட்சி.