சீர் அண்டாவும் சின்தசைசரும்

எங்கள் வீட்டு மாடியறை மக்காச்சோளம் கொட்டிவைக்கிற இடம். இப்போது அதற்கு ஸ்டுடியோ என்று பெயர். மூட்டைகள் எலிகளோடு வராண்டாவுக்கு இறங்கிவிட்டன. மகனோடு கூட்டாளிகள் மூன்று பேர்: பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவன், தவில் வாசிக்கிற வீட்டுப் பையன், காதுகுத்துக்கும் கருமாதிக்கும் மைக் செட் கட்டுகிறவன். நால்வரும் சேர்ந்து செய்வது சோதனை மின்னிசையாம். பல்லவி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஒருவன் ஆரம்பிப்பான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சேர்ந்துகொள்வார்கள். எப்போது முடியும் என்று கேட்டேன். "அது எங்களுக்கே தெரியாதுப்பா" என்றான் மகன். சோறு ஆறுகிறது என்று கீழேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் முடியும் என்பது அவன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

கூட்டு முயற்சி எனக்குப் புதிதல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். உழைப்பு ஆளாளுக்கு, கரண்ட் பில் ஒருத்தருக்கு.

மாடியிலிருந்து வந்த சத்தத்தைச் சொல்ல வேண்டுமானால் சரித்திரத்தைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். 1751-இல் எங்கள் ஊரான இதே வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுக்காரரோடு நடந்த சண்டையில் கேப்டன் கிங்கனின் ஆங்கிலப் படை கலங்கிப்போய்த் திருச்சிப் பக்கம் பின்வாங்கியது. நான் அவ்வளவு கோழையல்ல. கொல்லைப்புறக் கிணற்றடியோடு நின்றுகொண்டேன்.

அங்கே நின்றுதான் எதிர்த்தாக்குதலுக்குத் திட்டம் போட்டேன். "இதெல்லாம் பணக்கார வெள்ளைக்காரன் விளையாட்டு, நம்ம மண்ணுக்கு ஒட்டாது" என்று சாப்பாட்டின்போது அறிவித்துவிட்டு, ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆதாரம் திரட்டப் போனில் உட்கார்ந்தேன். கிடைத்ததெல்லாம் எதிர்க்கட்சிக்கான ஆதாரம்.

சென்னைக்கு டி.வி. வந்ததே 1975-இல். அதற்கும் முன்னால், 1969-இலேயே, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னிசை ஸ்டுடியோ திறந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் என்பவர் வந்து மூக் சின்தசைசரைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். அது பலகை முழுக்கத் துளையும் வயருமாக இருக்கிற ஜந்து. ஓரிடத்தில் பிறக்கிற அலையை இன்னோரிடத்தில் வடிகட்டி, மூன்றாவது இடத்தில் ஏற்றி இறக்க வேண்டும். எதை எதில் செருகுவது என்பதுதான் வித்தை. ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகுமாம். வோல்டேஜ் கூடினால் ஃப்ரிட்ஜ் போகும் என்பது வரைக்கும்தான் என் சங்கீத ஞானம். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா என்று பலரும் அதில் புகுந்து விளையாடியிருக்கிறார்கள். ஜின்ராஜ் ஜோஷிபுரா என்ற இளைஞர் 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று பெயர் வைத்து விண்வெளிக்கே போய்விட்டார்.

போகட்டும், வெள்ளைக்காரனிடம் கற்றதுதானே என்று பார்த்தால் அதுவும் தலைகீழ். கீதா சாராபாய் பக்கவாஜ் என்ற தாளவாத்தியம் வாசித்தவர். 1946-இல் நியூயார்க் போய் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு மேல்நாட்டு இசை கற்றுக்கொண்டு, ஊர் திரும்பும்போது ராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேச நூலைக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த கேஜ்தான் 1952-இல் நாலு நிமிஷம் முப்பத்துமூன்று விநாடிக்கு ஒன்றுமே வாசிக்காத ஓர் உருப்படியை எழுதியவர். முதன்முதலில் மேடையில் பியானோ முன்னால் உட்கார்ந்து அதை வாசிக்காமல் இருந்தவர், நம் டியூடரேதான். இதை வீட்டில் சொன்னேன். "அப்படிப்பட்ட ஆளு ஒருத்தரு மாடியில இருந்தா நான் ஏங்க வேண்டாங்கறேன்?" என்றாள் மனைவி.

அகமதாபாத் ஸ்டுடியோ சில வருஷங்களில் மூடப்பட்டது. ஒலிநாடாக்கள் நிறுவனத்து ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. 2017-இல் லண்டனிலிருந்து வந்த இசைக்கலைஞர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்தார்; 2023-இல் இசைத் தொகுப்பாக வெளிவந்தது. இந்தப் பகுதியைப் படித்த மறுநாள் காலை நான் செய்த முதல் வேலை, பழைய இரும்புக்காரரிடம் விலை பேசி வாசலில் வைத்திருந்த மகனின் வயர் மூட்டையைச் சத்தமில்லாமல் மாடியேற்றியது. மகனுக்கு இதுவரை தெரியாது. இந்தப் பத்திரிகையை அவன் படிப்பதில்லை.

ஆனால் அண்டா விஷயத்தில் எனக்குப் பங்கில்லை. டியூடருக்கு 'ரெயின்ஃபாரஸ்ட்' என்றொரு படைப்பு உண்டு. கண்ட சாமானையெல்லாம் தொங்கவிட்டு, அதிர்வுக் கருவியை ஒட்டி ஒலியை அதிர்வாக அவற்றுக்குள் செலுத்தினால் சாமான்களே ஸ்பீக்கராகிப் பாடும். மகன் அதைப் படித்துவிட்டு நேரே பரணில் ஏறினான். என் மனைவியின் பிறந்த வீட்டுச் சீர், பித்தளை அண்டா, புளி போட்டுத் தேய்த்துப் பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் இறங்குவது, மைக் செட் பையனின் கயிற்றில் உத்தரத்திலிருந்து தொங்கியது. தவில் பையன் தூரத்தில் ஒரு தட்டு தட்ட, அந்தத் தட்டை வாங்கி அண்டா முனகியது.

மனைவி படியேறினாள். தீர்ந்தது ஸ்டுடியோ என்று கணக்குப் போட்டு, மக்காச்சோள மூட்டைகளை மறுபடி ஏற்ற ஆள் கூலி எவ்வளவு ஆகும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வெகுநேரம் ஆளைக் காணோம். மேலே போய்ப் பார்த்தால், "விளிம்புல ஒட்டினா அலறும்டா, அடியில ஒட்டு" என்று பாடம் நடந்துகொண்டிருக்கிறது. அண்டாவில் தண்ணீர் ஊற்றினால் சுருதி இறங்கும் என்பதும் அவள் யோசனைதான். பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு குடம் குடமாகச் சுமந்தார்கள். நான் மோட்டார் போட்டுவிட்டேன்.

போன வாரம் அவர்கள் முதல் பதிவை வெளியிட்டார்கள். கடைசியில் வருகிற பெயர்ப் பட்டியலில் நால்வருக்கும் கீழே இரண்டு வரி இருக்கிறது. அண்டா: அம்மா. மின்சாரம்: அப்பா.