காட்டேரியிடம் கணக்குக் கேட்பவர்

"பேய்க்கு எதுக்குய்யா கதவு?"

படம் தொடங்கிய பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். தியேட்டரில் இருட்டு, திரையில் தெரியும் பங்களாவிலும் இருட்டு. கதவு கிரீச்சென்று தானாகத் திறக்கிறது. பின்வரிசைக் குழந்தை அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணன் என் காதருகே குனிவார். ரகசியமாகக் கேட்பதாக அவர் நினைப்பு. நாலு வரிசைக்குக் கேட்கும்.

"சுவத்துக்குள்ள பூந்து வரும்ல? அப்புறம் கதவை எதுக்குத் தெறக்குது?"

பதில் சொல்லக் கூடாது என்பது பல வருட அனுபவம். ஒருமுறை தெரியாத்தனமாக, "அது சும்மா பயமுறுத்துறதுக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன். விட்டாரா? "சரி, சுவத்துக்குள்ள பூருற கை. அந்தக் கையை வச்சு இவன் கன்னத்துல எப்படி அறையுது? கன்னத்துக்குள்ளயும் பூந்துல்ல போகணும்?" அறை வாங்கியவன் திரையில் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான். நான் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அண்ணனை வடுகபட்டி பூண்டு வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான தொழில் வேறு. அதைச் சொன்னால் பெரியகுளம் தென்கரையில் எந்தத் தெரு, எந்த வீடு என்பதுவரை கண்டுபிடித்துவிடுவார்கள். நாளைக்கு நான் மூன்றாந்தலில் டீ குடிக்க வேண்டும்.

ஆனால் பூண்டு அவருக்குப் பொருந்துகிறது. வெளிநாட்டுக் காட்டேரிப் படம் டப்பிங்கில் வந்தால் அண்ணன் சும்மா இருக்க மாட்டார். அயர்லாந்துக்காரர் பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய டிராகுலா நாவலின்படி பூண்டைக் கண்டால் காட்டேரிக்கு ஆகாது, கண்ணாடியில் அதற்கு உருவம் தெரியாது. நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க இதை ஒப்புக்கொண்டு படம் பார்க்கிறது. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

"எந்தப் பூண்டு தம்பி? இமாச்சல் பூண்டா, மலைப்பூண்டா? பூண்டுன்னா எல்லாம் ஒண்ணா?" மன்னவனூர், பூம்பாறையிலிருந்து இறங்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். காரம் வேறு, வாசம் வேறு. இதைச் சொல்லாமல் பொத்தாம் பொதுவாகப் பூண்டைக் காட்டுகிறானே, என்ன டைரக்டர் இவன்? அதோடு விட மாட்டார். 2024 தொடக்கத்தில் பூண்டு கிலோ நானூறு ரூபாயைத் தாண்டியது. அந்தச் சமயத்தில் வீட்டில் டி.வி.யில் ஒரு காட்டேரிப் படம் ஓடியது. கதாநாயகி கழுத்தில் பூண்டு மாலை. அண்ணன் பற்களை எண்ணி, கட்டுக் கணக்குப் போட்டு, "ரெண்டு கிலோ இருக்கும். இந்த வெலைக்கு இதைக் கழுத்துல போட்டுட்டு ராத்திரி தனியா படுத்தா காட்டேரி வராது தம்பி, திருடன் வருவான்" என்றார்.

சரி, சிரித்தேன். சிரித்தது என் தப்பு. அன்றிலிருந்து கேள்விகள் இரட்டிப்பாயின. கண்ணாடியில் உருவம் தெரியாதென்றால் டிராகுலா எப்படி இம்புட்டு நேராக வகிடு எடுக்கிறான்? மழமழவென்று எப்படிச் சவரம் பண்ணுகிறான்? சர்க்கரை வியாதிக்காரனின் ரத்தத்தைக் குடித்தால் அவனுக்கும் சர்க்கரை வருமா? ரத்தத்தில் குரூப் பார்ப்பானா, கிடைத்ததைக் குடிப்பானா? நம்ம ஊர்ப் பேயானால் வேறு கேள்விகள். முப்பது வருடமாய்ப் பூட்டிக் கிடக்கும் பங்களாவில் பல்பு மினுக் மினுக்கென்று எரிகிறதே, கரண்டு பில் யார் கட்டுகிறார்கள்? வெள்ளைச் சேலை இம்புட்டு வெள்ளையாக இருக்கிறதே, வெளுப்பது யார், சொட்டு நீலம் போடுவது யார்?

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் சொன்னதை நானும் யோசித்துப் பார்த்தேன். "ரத்தக் காட்டேரி எதுக்குக் கடிக்குது? பசிக்குதுன்னு கடிக்குது. அதுக்குப் பிளாஷ்பேக்கே இல்லையே தம்பி." உண்மைதான். நம் படத்துப் பேய் ரத்தத்துக்காக வருவதில்லை, நிலத் தகராறுக்காக வருகிறது. ராகவா லாரன்ஸின் 'முனி' 2007-இல் வந்தது, 'காஞ்சனா' 2011-இல். ஏமாற்றப்பட்டவர், கொல்லப்பட்டவர், சொத்தைப் பறிகொடுத்தவர் செத்தபின் இன்னொருவர் உடம்புக்குள் புகுந்து நியாயம் கேட்கிறார். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போனவர்தான் நம்ம ஊர்ப் பேய். வெறும் பசிக்காகக் கடிப்பவனை நம் ஜனங்கள் பேயாகவே மதிப்பதில்லை. வினயன் 2013-இல் டிராகுலாவை மலையாளத்துக்குக் கூட்டிவந்தார், தமிழிலும் அது 'நான்காம் பிறை' என்று வந்தது. நம் பக்கம் யாருக்கும் ஞாபகம் இல்லை. இத்தனைக்கும் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் நம் வேதாளத்துக்கு ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இலேயே வாம்பயர் என்று பெயர் வைத்துவிட்டார். வேதாளமும் கதை சொல்லிக் கேள்விதான் கேட்டது, கழுத்தைக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் அண்ணன் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அதை அவரே கெடுத்துக்கொண்டார்.

2015 பொங்கல். ஒருபக்கம் ஷங்கரின் 'ஐ', வருடக்கணக்கில் எடுத்த படம். இன்னொரு பக்கம் விஷாலின் 'ஆம்பள'. இரண்டுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு வந்தது 'டார்லிங்'. 'பிரேம கதா சித்ரம்' என்ற தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம், இயக்கம் சாம் ஆண்டன். இசையமைப்பாளர் ஜி.வி.பிரகாஷ் நாயகனாக முதலில் திரைக்கு வந்தது இதில்தான். கடற்கரையோரம் ஒரு வீடு, அதற்குள் நாலைந்து பேர். சாகப் போன இடத்தில் காதல். நாயகன் ஆசையாக நெருங்கும்போதெல்லாம் நிக்கி கல்ராணிக்குள் பேய் புகுந்து, அவனுக்குப் பளாரென்று ஒன்று விழும். செலவைச் சுருக்க இதைவிட வழி கிடையாது. வெளிநாட்டில் பாட்டு வேண்டாம், கூட்டம் வேண்டாம், ஒரே வீட்டுக்குள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாலே பாதிப் படம் முடிந்துவிடும். முந்தின வருடம் டீகே எடுத்த 'யாமிருக்க பயமே' இதே கணக்கில் ஜெயித்திருந்தது. ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பயந்தார்களா என்பது இரண்டாம் பட்சம். ஒருவர் அலற, பக்கத்தில் இருப்பவர் அலறியவரைப் பார்த்துச் சிரிக்க, அப்படியே படம் ஓடியது. அந்தப் பொங்கலில் பெரிய படங்களுக்கு நடுவே 'டார்லிங்' நின்றுகாட்டியது.

அண்ணனோடு 'டார்லிங்', 'ஐ' இரண்டையும் பார்த்தேன். 'டார்லிங்' பார்க்கும்போது கதவு, கன்னம், கரண்டு எல்லாம் வந்தன. "லாஜிக்கே இல்ல தம்பி. ஒரு தடவை பாக்கலாம்" என்று தீர்ப்பும் வந்தது. இரண்டு நாள் கழித்து 'ஐ'. ஒரு ஊசியில் ஆணழகன் கூனனாகிறான். தோல் கொப்பளிக்கிறது, முடி கொட்டுகிறது, அதற்கு மேலும் ஏழெட்டுப் பேரை அடித்துத் துவைக்கிறான். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி இல்லை.

அப்போதுதான் 'எந்திரன்' ஞாபகம் வந்தது. 2010-இல் தேனியில் அவரோடுதான் பார்த்தேன். சிட்டி ரோபோ கொசுக்களோடு பேசி, ஐஸ்வர்யா ராயைக் கடித்த கொசு எதுவென்று கண்டுபிடித்து, இழுத்துவந்து மன்னிப்புக் கேட்க வைக்கும். அண்ணன் விரலை மடக்கி விசில் அடித்தார். யோசித்துப் பாருங்கள். அந்தக் கொசுவும் ரத்தம் குடிக்கிற ஜீவன்தான். ரத்தம் குடித்த கொசு கோர்ட்டுக்கு வந்தது போல் வந்து மன்னிப்புக் கேட்டால் விசில். ரத்தம் குடிக்கிற காட்டேரி ஒரு பையனைக் காதலித்தால், "லாஜிக் இடிக்குதே தம்பி."

படத்தின் விலைக்குத் தக்கபடிதான் கேள்வி. கோடிகள் கூடக் கூட அண்ணனின் சந்தேகம் குறையும். தியேட்டர் வாசலில் அவித்த கடலை விற்கிற ஆச்சியிடம் படிக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அவர் நிற்கும் நிற்பும், உள்ளே போய் பாப்கார்னுக்குக் கேட்ட காசை மறுபேச்சில்லாமல் எண்ணி வைக்கும் பவ்வியமும் நான் நேரில் பார்த்தவை. ஆச்சி பதிலுக்கு என்ன சொல்லும்? எழுநூறு சனம் பார்க்க வேண்டும் என்று வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்த பையன் என்ன சொல்வான்? பதில் சொல்ல முடியாதவனிடம் கேட்பதுதான் அண்ணனைப் போன்றவர்களுக்குக் கேள்வி. எரிச்சலில் எழுதுகிறேன். இருக்கட்டும்.

போன வருடம் அண்ணன் மாறிவிட்டார் என்று நம்பினேன். 2025 ஓணத்துக்கு 'லோகா' வந்தது. டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மான் தயாரிப்பு. கள்ளியங்காட்டு நீலி கதையை எடுத்து, பெங்களூரில் ஒரு கஃபேயில் இரவுப் பணி பார்க்கும் பெண்ணாக்கிவிட்டார்கள். கல்யாணி பிரியதர்ஷன்தான் நீலி, எதிர்வீட்டிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு அசடு வழிபவன் நஸ்லேன். நீலி நமக்கும் சொந்தக்காரிதான். வழியில் போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு ஆளை முடிப்பவள் என்று நாகர்கோவில் பக்கம் பாட்டிகள் சொல்வார்கள். திருவாலங்காட்டுப் பக்கத்தில் இன்னொரு நீலி, பழையனூர்க்காரி. நீலிக் கண்ணீர் என்று நாம் சொல்வது அவளை வைத்து. நம் வீட்டு நீலியைப் பக்கத்து வீட்டுக்காரன் எடுத்து உடுத்திவிட்டு அழகு பார்க்கிறான்.

தேனியில் தமிழ் டப்பிங் பார்க்க அழைத்துப் போனேன். முதல் பத்து நிமிடம், இருபது நிமிடம், அண்ணன் குனியவில்லை. சூப்பர் ஸ்டார் இல்லை, அவருக்குத் தெரிந்த முகம் டான்ஸ் மாஸ்டர் சாண்டி மட்டும், அவரும் வில்லன். ரத்தம் வந்தது, குரூப் கேட்கவில்லை. கதவு வந்தது, கதவைக் கேட்கவில்லை. இடைவேளையில் எனக்கு லேசாகப் பயமாகவே இருந்தது, நெஞ்சுவலியை மறைக்கிறாரோ என்று.

திரும்பி வரும் பஸ்ஸில் லட்சுமிபுரம் தாண்டும்வரை பேசவில்லை. கைலாசபட்டியில் வாயைத் திறந்தார்.

"ஏந்தம்பி, அந்தப் பிள்ளைக்கு எப்பப் பாத்தாலும் நைட் ஷிப்டே போடுறானுக. அதுக்குத் தனியா ஏதும் படி குடுப்பானுகளா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் முறையாக ஒரு காட்டேரிக்காக அண்ணன் கவலைப்படுகிறார். மனிதர் உள்ளுக்குள் நல்லவர்தான், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நெகிழ்ந்துபோய், "இந்தத் தடவை ஒண்ணும் கேக்கலையேண்ணே?" என்றேன்.

"நீ கூப்பிட்டதும் போன்ல பாத்தேன் தம்பி. முப்பது கோடியில எடுத்து முந்நூறு கோடி தாண்டிருச்சாம்ல. அம்புட்டு சனம் பாத்து ஒத்துக்கிட்ட படத்துல நம்ம என்னத்தக் கேக்குறது?"

வராக நதிப் பாலம் வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதற்கும் முன்னால் நடந்த ஒன்று மனசில் கிடக்கிறது. ஒரு சின்னப் பேய்ப்படம், காதலும் காமெடியுமாக எடுத்தது. பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் ஏற்கெனவே நொந்திருப்பார்கள். மதியக் காட்சி. எங்களோடு சேர்த்துத் தியேட்டரில் பதினோரு பேர். படமே ஒரு கதவில்தான் தொடங்கும். அந்தப் பேய் ஜன்னல் வழியாக வராது, சுவர் வழியாக வராது. எங்கே போனாலும் கதவை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் வரும். அண்ணனுக்கு வேறென்ன வேண்டும்? "தட்டிட்டு வர்றதுக்கு இது பேயா, போஸ்ட்மேனா?" பதினோரு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குத் தியேட்டரில் எழுந்த பெரிய சிரிப்பு அதுதான். உற்சாகமாகிவிட்டார். தட்டும்போதெல்லாம் ஒன்று சொன்னார். இடைவேளையில், "போதும் தம்பி, வெரசாப் போனா மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம்" என்று கிளப்பிவிட்டார். எனக்குப் படம் பிடித்திருந்தது. சொல்லத் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை வந்த படம், திங்கட்கிழமை போஸ்டரைக் காணோம். "சொன்னேன்ல" என்றார்.

போன வாரம் இரவு பதினொன்றரைக்குப் போன்.

"தம்பி, தூங்கிட்டியா? ஓ.டி.டி.யில ஒரு பேய்ப்படம் பாத்தேன். அருமையா எடுத்திருக்கான். நம்ம இதைத் தியேட்டர்ல பாக்காம விட்டுட்டோமே."

பெயரைச் சொன்னார்.

"பாத்தோமேண்ணே. நீங்கதான் இடைவேளையோட கிளம்பச் சொன்னீங்க."

"அப்படியா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. டி.வி. ஓடுவது மட்டும் கேட்டது. "அது ஏன் கதவைத் தட்டுதுன்னு ரெண்டாம் பாதியில சொல்லிட்டான் தம்பி. கேட்டா அழுதுருவ. நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்ணே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.